பறவைகளுக்குப் போட்ட பாதை

ஆர்லீன் ப்ரெஸ்னிக்கிடம் 'உன்னால் முடியாது' என்று சொல்பவர் இந்த ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். சொன்னால் அவள் சண்டைக்கு வரமாட்டாள். சொன்னவரின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள், மூக்கை உறிஞ்சிக்கொள்வாள், போய் அந்த வேலையை ஆரம்பித்துவிடுவாள். பத்தொன்பது வயதில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன் என்று கேட்டுப் போனவளிடம், அது ஆம்பிளைகள் வேலை என்றார்கள். முப்பத்தெட்டு வருடமாக அந்த லாரியை அவள்தான் ஓட்டுகிறாள். கட்டிக்கொண்ட மனிதர், வருடத்தில் ஏழு மாதம் பனி கொட்டுகிற ஊரில் மனுஷன் குடித்தனம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டு டென்வருக்குப் போனார். "பனியோட குடித்தனம் பண்ணிரலாம், அவரோடதான் முடியலை" என்று சொல்லி அவர் சாமான்களைத் தானே லாரியில் ஏற்றி மலையடிவாரம் வரை கொண்டுபோய் விட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது முட்டியை மாற்றிய டாக்டர், இனிமேல் மலைக்காட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்றார். ஐந்தாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது சைக்கிளை அவர் அறை ஜன்னலுக்கு நேரே சாத்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது லாரி அல்ல, 'பல் டாக்டர்'. அது கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்குக் காட்டுக்குள்ளேயே போகிற சைக்கிள் பாதை. நாலரை மைல். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், யாரையும் கேட்காமல், மூன்று கோடைகாலம் தனியாக வெட்டினாள். பைன் மரங்களுக்கு நடுவே ஏறி, பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வாயைச் சுற்றி, ஆஸ்பென் தோப்பில் இறங்கி, பத்தாயிரத்து இருநூறு அடி உயரத்தில் தண்ணீரோரம் கொண்டுபோய் விடும். வெளியூர்க்காரர்கள் பாதி தூரத்திலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். அவர்களைக் கேலி செய்துகொண்டே தாண்டிப்போவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கோடைக்காலப் பொழுதுபோக்கு.

பெயர் வந்த கதை இது. இங்கே பாதை வெட்டியவர் அதற்குப் பெயர் வைக்க முடியாது. அதில் முதன்முதலாக யார் விழுகிறாரோ அவர்தான் பெயர் வைப்பார். அதுவரை பாதைக்குப் பெயர் கிடையாது. வெட்டியவர் கடைசியாகத்தான் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும், தன் கைவேலையில் மற்றவர் விழுவதைப் பார்த்த பிறகு. ஆர்லீன் பாதையில் முதலில் விழுந்தவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கஸ் டெல்லேரா. முன்பல் இரண்டும் போயிற்று. வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு, "பல் டாக்டர்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். டாக்டரைக் கூப்பிடச் சொன்னானா, பெயர் வைத்தானா என்று இன்றைக்கும் ஒரு தகராறு உண்டு. பெயர் நிலைத்துவிட்டது.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். மேல் ஏரியை நெருங்கும் இடத்தில் பாதை ஒரு சதுப்பு நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஜூன் மாதம் அங்கே சேறு. சேற்றுக்குள் நேரே ஓட்டினால் பாதை பாதையாகவே இருக்கும். சட்டை அழுக்காகும் என்று ஒதுங்கி ஓட்டுகிறவர்களால் வருடத்துக்கு இரண்டடி அகலமாகி, அது மாட்டுத்தொழுவம் மாதிரி ஆகிவிட்டது. மேல் ஏரிக்கரையில் வீடு வைத்திருக்கும் ப்ரூஸ் லாங்கர், ஓய்வுபெற்ற வக்கீல், அதைப் படம் பிடித்துப் படம் பிடித்துக் காட்டிலாகாவுக்கு அனுப்பினார். அந்த மனிதரைப் பிடிக்காது என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது. சேற்றைப் பற்றி அவர் சொன்னது நிஜம்தான். பாதையையே மூட வேண்டும் என்றாரே, அதுதான் அக்கிரமம்.

காட்டிலாகாவின் முடிவு ஏப்ரலில் வந்தது. சதுப்பை விட்டு விலகி, மேட்டில் கால் மைல் புதுப்பாதை வெட்ட வேண்டும். செப்டம்பர் முப்பதுக்குள் முடித்தால் 'பல் டாக்டர்' முழுவதும் அரசாங்க வரைபடத்தில் ஏறும், அதன்பிறகு எந்த லாங்கரும் அதைத் தொட முடியாது. முடிக்காவிட்டால் செத்த மரங்களை இழுத்துக் குறுக்கே போட்டு, நாலரை மைலையும் மூடிவிடுவார்கள். இன்னொன்று, புதுப்பாதை போகும் தடத்தை ஜூன் ஒன்றாம் தேதிக்குள் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். காகிதம் அலுவலகம் அலுவலகமாக நகர அவ்வளவு நாளாகும்.

ஜூன் ஒன்றுக்கு முன்னால் என்றால் மே மாதம். மே மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் புத்தியோடு இருப்பதில்லை. ஏழு மாதம் பனியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைத்தெருவில் ஒரு கை அகலம் தரை தெரிந்தால் சைக்கிளை வெளியே எடுத்துவிடுவோம். காட்டில் வடக்குச் சரிவில் அப்போதும் ஆளுயரத்துக்குமேல் பனி கிடக்கும். ஆர்லீன் பனிக்காலணி கட்டிக்கொண்டு, காட்டிலாகா அதிகாரி டானா ஒகாவாவையும் கூட்டிக்கொண்டு மேலே போனாள். டானாவுக்கு அது இந்த மலையில் முதல் வருடம்.

"பனி உருகினப்புறம் ஒருதடவை பாத்துட்டுக் குறிச்சா நல்லதில்லையா, ஆர்லீன்?" என்று டானா கேட்டாளாம்.

"பனி உருகறதுக்குள்ள உங்க தேதி போயிரும். இந்த மரம் ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும்மா. வாங்க."

சரிவு அன்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வழவழவென்று, சைக்கிளுக்கென்றே செய்துவைத்தது போல. சரிவை அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்து அளந்து அளந்து, மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டே போனாள் ஆர்லீன். நாற்பத்தொரு நாடா. டானா ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டாள். காகிதம் நகர்ந்தது, ஜூலை முதல் வாரம் கையெழுத்தாகி வந்தது. அந்தத் தடத்தில் மட்டும்தான் வெட்டலாம், வேறெங்கும் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

கையெழுத்தான மறுநாளே ஆர்லீனும் கஸ்ஸும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மண்வாரியைத் தோளில் வைத்திருந்த கஸ் நடுச்சரிவில் நின்று அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஏய் ஆர்லீன், நாடா கட்டும்போது ஏணி எடுத்துட்டுப் போனியா?"

நாடாக்கள் அவன் தலைக்குமேல் இன்னோர் ஆளுயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அடியில் வழவழச் சரிவு இல்லை. ஒரு பெரிய குழி இருந்தது. குளிர்காலம் முழுக்கக் காற்று அடித்துக் கொண்டுவந்த பனி அதை நிரப்பி, மேலே பூசி மெழுகி வைத்திருந்திருக்கிறது. இப்போது அதற்குள் ஊற்று, பாசி, முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். பழைய சதுப்பு இதற்கு எவ்வளவோ தேவலை.

பனியைத் தள்ளியே வயிறு வளர்த்தவள். பனி எதையெல்லாம் மூடும் என்று புதிதாக வேலைக்கு வருகிற டிரைவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். ஆர்லீனுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவமானம் என்றால் அப்படியோர் அவமானம். பாசிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாது. வா, ராவோட ராவா அவுத்துரலாம்" என்றான் கஸ்.

"காகிதத்துல இருக்குறதை எப்படிடா அவுப்பே?"

அவிழ்த்திருந்தாலும் மறைத்திருக்க முடியாது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தபால் வராது. எல்லோரும் தபாலாபீசுக்குப் போய்த்தான் அவரவர் பெட்டியைத் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு பெரிய வண்ணப்படம். உச்சாணியில் ஆரஞ்சு நாடாக்கள், அடியில் தண்ணீர். கீழே அழகான கையெழுத்தில்: 'பறவைகளுக்கான சைக்கிள் பாதை. திறப்பு விழா விரைவில்.' லாங்கரின் வேலை. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஊரே சிரித்தது. ஆர்லீனுக்கு வேண்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவள் உள்ளே வந்து, தன் பெட்டியைத் திறந்து, மின்சார பில்லை எடுத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்று முழுவதும் படித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூட்டம். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். லாங்கர் எழுந்து, கோர்ட்டில் பேசுவது போலவே, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"மிஸ் ப்ரெஸ்னிக் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனா தரை எங்க இருக்குன்னே தெரியாதவங்க கையில காட்டைக் குடுக்கலாமா? தடம் தப்பு. காகிதம் அந்தத் தடத்துக்குத்தான். அதனால விஷயம் முடிஞ்சுது. மூடிட வேண்டியதுதான்."

டானா வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அந்த வரைபடத்தில் இருப்பது அவள் கையெழுத்து. கஸ் ஆர்லீனின் விலாவில் முழங்கையால் இடித்தான். "கையெழுத்துப் போட்டது அந்தப் பொண்ணுதானே. அதைச் சொல்லு, தப்பிச்சுக்கலாம்."

ஆர்லீன் அவன் முழங்கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"தப்பு என்னுது. டானா அப்பவே பனி உருகட்டும்னா. நான்தான் எனக்குத் தெரியும்னேன். எனக்குத் தெரியலை. போதுமா?"

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அப்போ மூடறதுக்கு ஒத்துக்கறீங்க" என்றார் லாங்கர்.

"எவன் சொன்னான்? நாடாவைத் தப்பாக் கட்டினேன்னு ஒத்துக்கிட்டேன். பாதையை விட்டுத்தரேன்னு எப்ப சொன்னேன்? அன்னிக்குப் பனி இருந்துது, தரை தெரியலை. இன்னிக்குப் பனி இல்லை, நல்லாத் தெரியுது. குழிக்கு மேல இருபதடி தள்ளி மேட்டுல பாறைச் சரிவு இருக்கு. காஞ்ச தரை. நாளைக்கே வரேன், யாரு வேணா கூட வாங்க. லாங்கர், நீங்களும் வாங்க, அந்தக் காமிராவையும் எடுத்துக்கிட்டு."

"புதுத் தடத்துக்குப் புதுக் காகிதம் வேணும். செப்டம்பர் முப்பது மாறாது."

"மாற வேண்டாம். நான் கேட்டேனா?"

டானா தொண்டையைக் கனைத்தாள். "காகிதத்தை நான் பாத்துக்கறேன். எவ்வளவு சீக்கிரம்னு சொல்ல முடியாது, ஆர்லீன். ஆனா இந்தத் தடவை ஒவ்வொரு அடியையும் நான் கால் வெச்சு நடந்து பாப்பேன்."

"நடங்க. நானும்தான் நடக்கப்போறேன்."

அந்தக் காகிதம் ஆகஸ்ட் இருபதாம் தேதி வந்தது. மிச்சம் நாற்பத்தொரு நாள். கட்டிய நாடாவும் நாற்பத்தொன்று என்று கஸ் சொல்லிக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பழைய நாடாக்களை அவள் அவிழ்க்கவில்லை. இதுதான் ஊருக்குப் புரியாத விஷயம். புது நாடா நீல நிறத்தில், இடுப்பு உயரத்தில், தரையைத் தொட்டுப் பார்த்துக் கட்டினாள். ஆரஞ்சு அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. மேல் ஏரிக்கு நடந்து போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"மானம் போகுது, அதைக் கழட்டித் தொலையேன். நான் வேணா ஏறறேன்" என்றான் கஸ்.

"என் தப்பு அங்கயே தொங்கட்டும். திருட்டுத்தனமா அவுத்தா லாங்கர் எழுதினது ஜெயிச்ச மாதிரி ஆயிரும். பாதை முடியற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வெட்ட வருகிறவர்களுக்குக் கஸ் தன் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்துவைத்து, பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய புரிட்டோ ரொட்டிச் சுருள் கொடுப்பான். வெட்டாதவன் சாப்பிடக் கூடாது. சாதாரணமாக இருபது பேர் வருவார்கள். அந்த முதல் செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு ஆர்லீனைப் பார்க்கவே கூச்சமாக இருந்திருக்கும், அல்லது தோற்கப்போகிற வேலைக்கு எதற்கு முதுகை உடைப்பது என்றிருக்கும். எதுவாக இருந்தாலும் எனக்கு அந்தப் பதினேழு பேர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவள் ஒருவரையும் கூப்பிடவில்லை. லாரிக்குக் கோடையில் வேலை இல்லையே, தினமும் விடிந்ததும் போனாள். ஒரு முனை கோடரியும் மறுமுனை மண்வெட்டியுமாக இருக்கும் கருவியால் வேரை வெட்டி, சரிவைச் செதுக்கி, மண்ணை வாரி, பாதைக்கு ஒரு படி அமைத்தாள். அந்தப் படி வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் பாதையோடு ஓடினால் பாதை செத்தது. குறுக்கே கடந்து போய்விட்டால் நூறு வருடம் நிற்கும். நாலடிக்கு ஒருதரம் குப்பியிலிருந்து தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தாள். பகல் ஒரு மணிக்குமேல் இடி மின்னல் கூடிவிடும், மலையில் நிற்க முடியாது. இரும்புக் கருவியைத் தூர எறிந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்து, விட்டதும் மறுபடி எடுத்தாள். முட்டி வீங்கியது. ஒருநாள் மார்மட் என்கிற கொழுத்த மலை அணில் ஒன்று அவள் சைக்கிளின் பிரேக் குழாயைக் கடித்துத் தின்றுவிட்டது.

"லாங்கர்கிட்ட சம்பளம் வாங்குது போல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினாள்.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை டானா வந்தாள். காட்டிலாகாச் சட்டை இல்லாமல், சொந்த மண்வாரியோடு.

"ஆபீசுக்குத் தெரியுமா?" என்றாள் ஆர்லீன்.

"சாயங்காலம் என்னோடது. எங்க வெட்டணும்?"

டானா வந்த செய்தி மறுநாள் தபாலாபீசில் பரவியது. மூன்றாம் செவ்வாய்க்கிழமை பதினாறு பேர். பிறகு இருபத்தெட்டு. ஒருவனாவது இத்தனை நாள் வராததற்கு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "அந்தக் கல்லைப் புரட்டு" என்றாள், புரட்டினார்கள்.

செப்டம்பர் முப்பதாம் தேதி காலையில் கடைசி வேரும் போயிற்று. அன்றைக்கே பனியும் தூற ஆரம்பித்துவிட்டது. டானா நெடுகிலும் நடந்து, அளந்து, பலகையில் செருகிய படிவத்தோடு மறுமுனைக்கு வந்து நின்றாள். லாங்கர் அங்கே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு முன்பே வந்திருந்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்தார். பாதை நெடுக நடந்து பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

முப்பத்தொரு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட்டினார்கள். ஒருவரும் விழவில்லை. கஸ் கூட விழவில்லை, பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டியும்!

"இது ஒரு சிக்கல்" என்றாள் டானா. "புதுப் பகுதிக்குத் தனியாப் பேர் எழுதணும். கட்டம் காலியா இருந்தா படிவத்தை வாங்க மாட்டாங்க. இன்னிக்குக் கடைசி நாள்."

"எதையாவது எழுதுங்களேன்" என்றார் லாங்கர்.

முப்பத்தொரு பேரும் அவரை ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். விழாமல் பெயரா?

மிச்சமிருந்தது ஆர்லீன் ஒருத்திதான். வெட்டியவள் கடைசி. பனி மூக்குமேல் விழ விழ, வீங்கிய முட்டியோடு மிதித்துக்கொண்டு வந்தாள். அவள் வெட்டிய ஒவ்வோர் அடியும் சக்கரத்துக்கு அடியில் திடமாக இருந்தது. நெஞ்சு நிறைந்து போயிற்று அவளுக்கு. பாதியில், குழிக்கு மேலே போகும் வளைவில், பக்கத்தில் ஏதோ ஆரஞ்சாக ஆடியது. அவளுடைய நாடாக்கள். கோடை முழுக்க அண்ணாந்து பார்த்தால்தான் தெரிந்தவை, மேட்டில் போட்ட புதுப்பாதையில் சைக்கிள்மேல் உட்கார்ந்து பார்த்தால் அவள் கண்ணுக்கு நேரே வரிசையாக நின்றன. உயரம் சரியாகத்தான் கட்டியிருக்கிறாள். அடியில் தரைதான் இல்லாமல் இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் அது. கண் போகிற பக்கம்தான் சக்கரமும் போகும். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிற்று. ஆர்லீன் ப்ரெஸ்னிக் சைக்கிளோடு உருண்டு, குழிக்குள் பாசியும் கறுப்புத் தண்ணீருமாகத் தெறிக்க விழுந்தாள்.

எல்லோரும் ஓடினார்கள். லாங்கர்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு வேகவேகமாக வந்தார். அவள் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, வாயிலிருந்த பாசியைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"முட்டி?" என்று அலறினான் கஸ்.

"இருக்கு."

"வேணும்னே விழுந்தியா?"

"மேல தூக்குடா முதல்ல. இல்லை, இரு." சேற்றுக் கையால் டானாவைக் கூப்பிட்டாள். "அந்தக் கட்டம் காலியாத்தானே இருக்கு?"

"காலிதான்."

"எழுதிக்கோங்க. 'பறவைகளுக்கான பாதை'."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜூலை மாதத்துச் சிரிப்பு இல்லை இது. டானா பனித்துளியைத் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதினாள். எல்லாச் சைக்கிள்காரர்களும் இனி படிக்கப்போகும் வரைபடத்தில், பலகையில், அந்தப் பெயர்தான்.

லாங்கர் மேலே விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். "மிஸ் ப்ரெஸ்னிக், அது நான் எழுதினது."

"தெரியுமே. பேரு உங்களுது, விழுந்தது நான்" என்றாள் ஆர்லீன். "சும்மா நிக்காம கையைக் குடுங்க. அப்புறம் அந்தத் தடியால நாடாவை எல்லாம் தட்டி விடுங்க. பாதை முடிஞ்சுது."

அவர் தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கையைக் கொடுத்தார். கோட்டின் முழங்கை வரை சேறு ஏறிற்று.